மதாம் ஒடெத்தின் ஆறு எதுவரை வரும்?

1

போன ஞாயிற்றுக்கிழமை பரிஸ் நகரத்து லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் உள்ள ஒரு பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளில் தட்டினார்கள். திரும்பினால் நேசன் அண்ணை. நானும் அவரும் பதினாறு வருஷம் ஒரே உணவகத்தின் குசினியில் நின்றவர்கள். உணவகம் மூடப்பட்ட பிறகு அவர் வேறு குசினிக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் அடுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இப்ப எங்கை வேலை?" என்று கேட்டார்.

"ஆறு அளக்கிறன் அண்ணை."

அவர் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தது. எங்கள் ஆட்களுக்கு இங்கே வேலை என்றால் குசினி, துப்புரவு, கடை, பார்சல் ஓட்டம். பிள்ளைகள் படித்துவிட்டால் கணினிக்கு முன்னால் இருப்பார்கள். ஆற்றை அளப்பதற்கு ஒருவன் சம்பளம் வாங்குகிறான் என்பதை நேசன் அண்ணையால் நம்ப முடியவில்லை. ஆறு அளவு மாறிக்கொண்டே இருக்குமே, எந்த அளவை எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியில்தான் போன வருஷம் என் வேலை போகப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷமாகிறது. அந்தக் கதையை ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

வேலை தேடித்தரும் அலுவலகத்தில் என்னுடைய கோப்பைப் பார்த்த பெண், வெளியில் நடக்கிற வேலை பரவாயில்லையா, மழையில் நிற்பீர்களா, மாட்டுக்குப் பயமா என்று மூன்று கேள்வி கேட்டார். மாட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும், நாங்கள் வன்னியில் மாட்டுப் பட்டி வைத்திருந்தவர்கள் என்றேன். அப்படித்தான் நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நில அளவை நிறுவனத்தில் கோல் பிடிக்கிறவனாகச் சேர்ந்தேன்.

2

வேலை இதுதான். முக்காலியில் ஒரு கருவி நிற்கும். அதற்குப் பின்னால் பெனுவா நிற்பார். அவர் அளவையாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என் முதலாளி மாதிரி. என் கையில் ஆளுயரத்துக்கும் கூடிய ஒரு கோல். அதன் மேல்நுனியில் சிறு கண்ணாடி. நான் ஓரிடத்தில் கோலை ஊன்றி நிமிர்த்திப் பிடித்தால், கருவி அந்தக் கண்ணாடியைப் பார்த்து, நான் நிற்கும் நிலம் எங்கே இருக்கிறது, என்ன உயரம் என்று எழுதிக்கொள்ளும். நான் கை வானொலியில் பெனுவாவுக்கு அது என்ன புள்ளி என்று சொல்ல வேண்டும்: வேலி, பாதை, மரம், கரை விளிம்பு. இப்படி ஆயிரம் இரண்டாயிரம் புள்ளிகள் சேர்ந்தால், அலுவலகத்தில் பெனுவா அவற்றைக் கோடுகளாக இழுத்து நிலப்படம் ஆக்குவார். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் ஒரு கோடு சேர்க்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தே எங்கே சரிவு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடலாம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் அந்தத் தாளின்மேலேயே கவிழ்ந்து கிடந்தேன்.

சேர்ந்து ஐந்தாம் வாரம் எங்களை சரொலே பக்கம் அனுப்பினார்கள். பரிசிலிருந்து தெற்கே நிறுவனத்து வாகனத்தில் நாலு மணித்தியாலம். வெள்ளை மாடுகளின் நாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல், முள்வேலி, வேலிக்குள் மாடு. மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் தேட வேண்டும். அங்கே ஒரு புல்வெளியின் நுனியில் இரண்டு சிற்றாறுகள் சேர்கின்றன. ஒன்று கலங்கல், மற்றது தெளிவு. சேர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் போய், பிறகுதான் ஒன்றாகின்றன. ஆற்றைப் பராமரிக்கும் உள்ளூர்ச் சங்கம் அந்தச் சங்கமத்தின் நிலப்படத்தைக் கேட்டிருந்தது.

புல்வெளி மதாம் ஒடெத்துடையது. எழுபது வயதிருக்கும், குள்ளம், ரப்பர்ச் சப்பாத்து, கணவர் இறந்து நாலு வருஷம். அறுபது மாடுகளைத் தனியே பார்க்கிறார். பிரெஞ்சுக்காரர் பேசியதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது, என்ன செய்ய.

முதல் நாளே அவர் எங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மகள் கிளேர் லியோனில் ஒரு மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறாள். பண்ணையைப் பொறுப்பெடுக்க வரச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை. குளிரில் மலை ஏறி, வெளிச்சமில்லாத பழைய கொட்டிலில் கன்று ஈன வைக்கத் தன்னால் முடியாது. தெருவோரமாக, மின்சாரமும் தண்ணீரும் உள்ள புதுக் கொட்டில் வேண்டும். தெருவோரம் மதாமுக்கு இருப்பது இந்த ஆற்றுப் புல்வெளி மட்டும்தான். மேலே இருக்கும் நிலம் பக்கத்துக்காரருடையது, அவர் ஒரு அடிகூட விற்கமாட்டார். கொட்டில் கட்ட அனுமதி தருவது மெரி என்கிற ஊர்மன்ற அலுவலகம். மெரிக்கு எங்கள் நிலப்படத்தைத்தான் காட்டப்போகிறார். கொட்டில் வரும் இடத்தின் நாலு மூலையிலும் முளை அடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். படம் வந்தால் அனுமதி வரும், அனுமதி வந்தால் கிளேர் வருவாள் என்று விரல்விட்டுச் சொன்னார்.

மாடுகள் என் கோலை நக்க வந்தன. பெனுவாவுக்கு மாடு என்றால் பயம். அவர் முக்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நான் பெருமையாக எங்கள் ஊர்க் குரலில் அவற்றை அதட்டினேன். ஒன்றுகூடக் காதை ஆட்டவில்லை. மதாம் தூரத்தில் இருந்து ஒரு சத்தம் கொடுத்தார், அறுபதும் திரும்பிப் போயின. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இனி நான் விட்ட பிழை. ஆற்றங்கரையில் நிலம் சட்டென்று வெட்டி இறங்கும் இடம்தான் கரை விளிம்பு, அங்கே கோலை ஊன்று என்று பெனுவா வரைந்தே காட்டியிருந்தார். எனக்கு நன்றாக விளங்கியது. நூறு மீற்றர் வரை அப்படியே செய்தேன். அதற்குப் பிறகு மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் இடம் வந்தது. அங்கே விளிம்பு என்று ஒன்றுமே இல்லை. வருஷக்கணக்காக மிதித்து மிதித்து எல்லாம் சரிவாகிக் கிடந்தது. பெனுவா மறுகரையில், மரங்களுக்குப் பின்னால். வானொலியில் கேட்டிருக்கலாம். ஆனால் என் பிரெஞ்சு நேரே முகம் பார்த்தால்தான் ஓடும், வானொலியில் தடக்கும். போன முறை கேட்டதற்கு மூன்று தரம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் கேட்காமல், எனக்குத் தெரிந்த முறையில் கரையைக் கண்டுபிடித்தேன்.

எனக்குத் தெரிந்த முறை பட்டிக்காரர் முறை. வன்னியில் கோடையில் ஆறு வெறும் மணல். அதன் ஓரத்தைக் கரை என்று எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டுக்காரனும் சொல்லமாட்டான். மாரியில் வெள்ளம் வந்து வற்றிய பிறகு, சருகும் தடியும் எதுவரை ஒதுங்கிக் கிடக்கிறதோ அதுவரை ஆறு. பட்டியை அதற்கு மேலேதான் அடைப்போம். மதாமின் புல்வெளியிலும் அப்படி ஒரு கோடு இருந்தது. காய்ந்த சோளத்தட்டும் வைக்கோல் கட்டும் நீலக் கயிறுமாக, போன குளிர்காலத்து வெள்ளம் கொண்டுவந்து விட்டது. நான் அந்தக் கோட்டில் இருபத்துமூன்று இடங்களில் கோலை ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் 'கரை விளிம்பு' என்று உற்சாகமாகச் சொன்னேன்.

3

நாங்கள் இருப்பது பரிசின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில். திரும்பி வந்த அன்று மகள் ஆரணி, இரண்டு ஆறு சேருகிற இடத்தைக் காட்டுங்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்குப் பதினேழு. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும், அவள் அம்மா அதட்டினால் மட்டும் இரண்டு சொல் தமிழ் வரும். என் புது வேலை வந்த பிறகுதான் அவளுக்கு என் வேலையில் அக்கறை வந்தது. குசினியைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

தொலைபேசி வரைபடத்தில் சரொலேச் சங்கமம் தெளிவாகத் தெரிந்தது. உடனே விரலால் உலகத்தை உருட்டி வன்னிக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் எங்கள் ஆறுகள் இரண்டு சேர்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது எங்கள் வீட்டு வளவு எங்கே என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை நான் மாட்டின் பின்னால் நடந்துதான் பார்த்திருக்கிறேன், ஆகாயத்திலிருந்து பார்த்ததில்லை. மருதமரங்களுக்கு இடையில் எந்தத் திறப்பு எங்களுடையது என்று அரை மணித்தியாலம் தேடினோம். அந்த அரை மணித்தியாலமும் அவள் எழுந்து போகவில்லை. அதற்காகவே நான் கொஞ்சம் மெதுவாகத் தேடினேன்.

என்னுடைய வதிவிட அட்டையில் பிறந்த இடம் என்று இருப்பது நான் பிறக்காத ஒரு பட்டணம். அதுவும் ஆரணிக்கு அன்றுதான் தெரியும். முதன்முதல் அந்த அட்டை தரும் பிரெபெக்சர் அலுவலகத்துக்குப் போனபோது எங்கள் கிராமத்தின் பெயர் அவர்களின் கணினியில் இல்லை. கவுன்ரரில் இருந்த பெண் நல்லவர்தான். பக்கத்தில் பெரிய இடம் எது என்று கேட்டுவிட்டு அதை அடித்துவிட்டார். எதிர்த்துப் பேசத் தெரியாத காலம். அதற்குப் பிறகு எல்லாக் கடதாசியிலும் அந்தப் பட்டணமே வந்தது. பொய் என்றால் இப்படிச் சத்தமில்லாமல்தான் நிலைக்கும்போல. ஆரணி, அப்போ உங்களைப் பிறந்த இடத்திலேயே தப்பாக ஊன்றிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

4

இரண்டு கிழமையால் பெனுவா என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திரையில் சங்கமத்தின் படம். ஆற்றின் கரை நேராக வந்து, மாடுகள் இறங்கும் இடத்தில் திடீரென்று வயிறு தள்ளியதுபோல முப்பத்தைந்து மீற்றர் புல்வெளிக்குள் நுழைந்து திரும்பியது. நாலு முளைகளும் ஆற்றுக்குள் கிடந்தன.

பழைய வாய்க்கால் ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்து அவர் வரைவுப் படத்தை அனுப்பியும்விட்டார். சங்கம் ஒரு பிரதியை மதாமுக்குக் கொடுத்திருக்கிறது. அன்று காலை மதாம் தொலைபேசியில் வந்து, என்ரை புல்வெளியைத் தூக்கி ஆத்துக்குள்ளை போட்டிட்டியள், நான் இனி மீனோ மேய்க்கிறது என்று கத்தியிருக்கிறார். மெரியில் விண்ணப்பம் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது.

"உண்மையைச் சொல்லும்," என்றார் பெனுவா. "இந்த இருபத்துமூண்டு புள்ளியும் எங்கை?"

எனக்கு வேலை நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. கோல் சரிந்திருக்கும், கருவி பிழைத்திருக்கும் என்று ஏதாவது சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வெள்ளம் ஒதுக்கிய குப்பைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் வேரைத் தடவிக்கொண்டார். விளங்காவிட்டால் கேட்க வேண்டும், நூறு தரம் கேட்டாலும் பரவாயில்லை என்றார். அதற்குப் பிறகு, பிழையான புள்ளிகள் ஆனால் ஒரே ஒழுங்காக இருக்கின்றன, ஒரே உயரத்தில் போகின்றன என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சொல்லக்கூடாத ஒரு சந்தோஷம் மறுபக்கம்.

5

மறுநாளே போனோம். இம்முறை பெனுவா இந்தக் கரையிலேயே முக்காலியை வைத்தார். விளிம்பு இல்லாத இடத்தில் எங்கே ஊன்றுவது என்று நான் ஒவ்வொரு புள்ளிக்கும் கேட்டேன், அவரும் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். மாடுகள் இறங்கும் சரிவைக் குறுக்கே வெட்டிக் கோடு நேரே போனது. ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. சின்னத் திரையில் படத்தைத் திருத்தி மதாமிடம் காட்டினார். முளைகள் நாலும் புல்லின்மேல் பத்திரமாக இருந்தன. மதாம் சமாதானமாகி எங்களுக்குக் கோப்பி ஊற்றினார்.

நான் கோப்பியைப் பிடித்துக்கொண்டு முள்வேலியைப் பார்த்தேன். கம்பியில், என் இடுப்பு உயரத்தில், வைக்கோல் சிக்கிக் கிடந்தது. இந்த வெள்ளத்தைப் படத்தில் போட இயலாதா என்று பெனுவாவிடம் தமிழிலே யோசித்துப் பிரெஞ்சிலே கேட்டேன். எங்களிடம் கேட்டது கரையும் நிலத்தின் உயரமும்தான், வெள்ளம் வேறு வேலை, யாராவது கண்டவர் சொன்னால் மட்டும் ஒரு புள்ளியாகப் போடலாம் என்றார். சொல்லிவிட்டு முக்காலியை மடக்கப் போனார்.

மதாமுக்கு அது கேட்டுவிட்டது. என்னிடம் வந்தார். அது குளிர்காலத் தண்ணி, ஒரு நாள் வரும், அடுத்த நாள் போய்விடும், அதற்காகத்தான் தரையை அரை மீற்றர் உயர்த்தப்போகிறோம் என்றார். குரலில் கோபமில்லை, ஆனால் வேகமாகச் சொன்னார். பிறகு, "நீங்கள் ஏன் அதிலை கொண்டுபோய்த் தடியை ஊண்டினீங்கள்?" என்று கேட்டார்.

முகம் பார்த்துக் கேட்டதால் சொல்ல முடிந்தது. எங்களுடைய பட்டியில் இரவில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அடைப்பில் கட்டிவிடுவோம், இல்லாவிட்டால் காலையில் கறக்கப் பால் இருக்காது. ஒரு வருஷம் என் அண்ணை பட்டியைக் குப்பைக் கோட்டுக்குக் கீழே இறக்கி அடைத்தார். தண்ணீர் பக்கம், பால் கொண்டுபோகப் பாதை பக்கம், எல்லாம் வசதி. தரையை உயர்த்தி மண்ணும் போட்டிருந்தார். அந்த மாரியில் இரண்டு ஆறும் ஒரே நேரத்தில் வந்தன. விடிய நாங்கள் போய்ப் பார்த்தபோது மாடுகள் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தன.

"மாடு நீந்தும் மதாம்," என்றேன். "அடைச்ச கண்டுக்குட்டி நீந்தாது."

அண்ணை அதற்குப் பிறகு பட்டிப் பக்கம் போகவேயில்லை, பதினாலு கன்றின் கயிறையும் அவிழ்த்தது நான்தான் என்றும் சொன்னேன். இதை நான் ஆரணிக்குக்கூடச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு பிரெஞ்சு மனுசியிடம் ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மதாம் கையிலிருந்த கோப்பிக் கேத்தலைப் புல்லில் வைத்தார். சரிவில் ஏறி நடந்தார். நான் முளைகளைத் தாண்டி, குப்பைக் கோட்டையும் தாண்டிப் பின்னால் போனேன். பக்கத்துக்காரரின் வேலியோரம் ஒரு பெரிய ஓக் மரம் நின்றது. மதாம் குனிந்து, அடிமரத்தில் படர்ந்திருந்த கொடியை இரண்டு கையாலும் பிய்த்து இழுத்தார். முழங்கால் உயரத்தில், மரப்பட்டை பாதி விழுங்கிய ஒரு துருப்பிடித்த ஆணி தெரிந்தது.

"தண்ணி இதுவரை வந்தது, வத்தின அண்டு அவர் அடிச்சது," என்றார். "கிளேர் அப்ப வயித்துக்குள்ளை."

அந்த வெள்ளத்தில் கொட்டிலோடு ஒன்பது கன்றுகளும் போயினவாம். அதற்குப் பிறகுதான் கணவர் பழைய கொட்டிலை மலையில் கட்டினாராம். அந்தக் கொட்டில் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கிளேர் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிவாதம் என்றே இருவரும் சொல்லிவந்திருக்கிறார்கள். வெள்ளத்தைச் சொன்னால் பிள்ளை ஆற்றுக்குப் பயந்துபோகும் என்று முதலில் சொல்லவில்லை. கடைசியில், சொன்னால் பிள்ளை வராது என்று சொல்லவில்லை.

"தடியைக் கொண்டு வாங்கோ," என்றார் மதாம்.

பெனுவா மடக்கிய முக்காலியைத் திரும்ப விரித்தார். நான் கோலின் அடிநுனியை ஆணியோடு ஒட்டிப் பிடித்தேன். கருவி வாசித்தது. யார் சொன்னது என்று எழுத வேண்டுமே என்று பெனுவா கேட்டார். மதாம் தன் முழுப்பெயரைச் சொன்னார், கணவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பெனுவா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நாங்கள் மூவரும் முளைகளுக்கு நடுவில் வந்து நின்றோம். நான் கோலை ஊன்றினேன். பெனுவா கணக்குப் பார்த்து, ஆணி மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் இந்த இடத்தில் இவ்வளவுக்கு நிற்கும் என்று கோலில் ஓரிடத்தில் கையை வைத்தார். அரை மீற்றர் மண் அதில் காணாமல் போய்விடும் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

மதாம் மேலங்கிப் பைக்குள் இருந்து தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் சத்தத்தை வெளியே விட்டுத்தான் பேசுவார். கொட்டில் கீழே வராது என்றார். படம் திருத்தியாகிவிட்டதா என்று கிளேர் கேட்டாள். படம் சரி, நான்தான் ஒன்று சொல்லாமல் விட்டேன் என்று மதாம் ஆணியைப் பற்றிச் சொன்னார். கன்றுகளைப் பற்றியும் சொன்னார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மதாம் ஒருமுறை திரையைப் பார்த்தார்.

"எவ்வளவு உயரத்துக்கு வந்தது, அம்மா?" என்று கிளேர் கேட்டாள்.

பெனுவா கையை எடுக்காமல் மீற்றரில் சொன்னார். மதாம் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கோலுக்கு ஒட்டி வந்து நிமிர்ந்து நின்றார். பெனுவாவின் கை அவருடைய கழுத்துக்கு நேரே இருந்தது.

"என்ரை கழுத்துக்கு," என்று மகளுக்குச் சொன்னார்.